நாள் குறிக்காத ஒத்திவைப்பு

"பேரவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது." இந்த வாக்கியத்தை வானொலிக் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். கேட்டதும் நம்மில் பலர் "சரி, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்" என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குக் காது கொடுப்போம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை சண்டை நடந்திருக்கிறது, நம் கோட்டையிலேயே என்ன நடந்தது என்பதை இந்தப் பதிவில் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து, பெண் எடுத்து, நெட்டுக்குப்பத்துக்காரனாகவே ஆகிப்போனேன். ஆனாலும் சில சொற்களைக் கேட்டால் பள்ளிக்கூட பிரெஞ்சு வாத்தியார் நினைவுக்கு வந்துவிடுகிறார். 'அட்ஜர்ன்' என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து போனது. அதன் வயிற்றில் இருப்பது 'ழூர்' என்ற சொல். ழூர் என்றால் நாள். ஆக, அந்தச் சொல்லின் ஆதிப் பொருள் 'ஒரு நாளுக்கு என்று குறிப்பது'. தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பதற்கு 'சைனி டை' என்கிறார்கள். அது லத்தீன். 'நாள் இல்லாமல்' என்று அர்த்தம். நாள் குறிப்பதற்காகப் பிறந்த சொல்லோடு நாள் இல்லாமையைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரு கோப்பில் "15ஆம் தேதி மீண்டும் வைக்கவும்" என்று மேலதிகாரி எழுதினால் அது ஒத்திவைப்பு. தன்பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அன்றைக்கு எழுத்தர் அதை மேசையில் வைத்தாக வேண்டும். "பின்னர் பார்க்கலாம்" என்று எழுதினால் அது கிடப்பு. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், ஒரு மீனவப் பெண்மணியின் விதவை உதவித்தொகை மனு அப்படி "பின்னர்" என்ற ஒரே சொல்லோடு இரண்டு மழைக்காலம் கட்டுக்குள் கிடந்தது. மறுப்பு என்று எழுதியிருந்தால் அந்த அம்மா மேல்முறையீடாவது செய்திருப்பார். நாள் குறிக்காத கோப்பை எதிர்த்து எங்கே முறையிடுவது?

சட்டமன்றத்தில் ஒத்திவைப்பு பல வகை. அமர்வை மறுநாளுக்கோ சில மணி நேரத்துக்கோ தள்ளுவது ஒன்று. தேதி குறிக்காமல் தள்ளுவது இன்னொன்று. இவ்விரண்டும் சபாநாயகர் கையில் இருப்பவை. கூட்டத்தொடரையே முடித்துவைப்பது மூன்றாவது. அதை அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் செய்வார். அரசியல் சட்டத்தின் 174ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அவை ஒத்திவைக்கப்பட்டால் அதன் முன் உள்ள வேலை அப்படியே நிற்கும். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டால் நிலுவையில் இருக்கும் அறிவிப்புகள் பெரும்பாலும் காலாவதியாகிவிடும். மசோதாக்கள் மட்டும் பிழைத்துக்கொள்ளும். உறுப்பினர்கள் போதவில்லை என்றாலும் அவையைத் தள்ளிவைக்கலாம். பத்துப் பேர் அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது அதிகமோ அது வேண்டும். நம் 234 பேர் கொண்ட அவைக்கு 24 பேர்.

இரங்கலுக்காக ஒத்திவைப்பதும் உண்டு. நம் திருவொற்றியூர் தொகுதி உறுப்பினர் கே.பி.பி. சாமி 2020 பிப்ரவரி 27 அன்று காலமானார். மீனவர் சமுதாயத்திலிருந்து போய் மீன்வளத் துறை அமைச்சராகவும் இருந்தவர். மார்ச் 9 அன்று பேரவை கூடியபோது அவருக்கும், மறைந்த பேராசிரியர் அன்பழகன், குடியாத்தம் காத்தவராயன் ஆகியோருக்கும் இரங்கல் தெரிவித்து, அன்றைய அலுவலை ஒத்திவைத்தார்கள். அடுத்த அமர்வுக்கு நாளும் குறித்தார்கள்.

அதே மாதம் கொரோனா வந்தது. மார்ச் 24 அன்று பேரவை தேதி குறிக்காமல் ஒத்திவைக்கப்பட்டது. எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு கெடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதம் கடந்துவிடக் கூடாது என்கிறது அதே 174ஆம் பிரிவு. அதனால்தான் நோய் தணியாத நிலையிலும் செப்டம்பர் 14 முதல் 16 வரை, கோட்டையை விட்டுக் கலைவாணர் அரங்கத்தில் இடைவெளி விட்டு உட்கார்ந்து மூன்று நாள் நடத்தினார்கள். கெடு முடிய ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது.

இனி நம் கோட்டையில் நடந்த பெரிய கதைக்கு வருகிறேன்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டு அண்ணா திமுகவைத் தொடங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது சபாநாயகர் கே.ஏ. மதியழகன். திமுகவைத் தொடங்கிய ஐம்பெருந்தலைவர்களில் ஒருவர். நிதியமைச்சராக இருந்துவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர். நவம்பர் 13 அன்று பேரவை கூடியது. அரசு மக்களிடம் சென்று மீண்டும் தீர்ப்பு கேட்க வேண்டும் என்ற கருத்தைச் சபாநாயகரே நாற்காலியிலிருந்து சொன்னார். சொல்லிவிட்டு அவையை டிசம்பர் 5க்கு ஒத்திவைத்தார்.

அவர் நாள் குறிக்காமல் போகவில்லை, கவனியுங்கள். நாள் குறித்துத்தான் தள்ளினார். ஆனால் அந்த நாளைக் குறித்தது அவர் ஒருவர். 1971 தேர்தலில் 234 இடங்களில் 184ஐ வென்ற கட்சி ஆட்சியில் இருக்கிறது. அதன் பெரும்பான்மையைச் சோதிக்கும் நாளை ஆளும் கட்சி குறிப்பதா, சபாநாயகர் குறிப்பதா என்பதுதான் கேள்வி.

அரசு என்ன செய்தது? அமைச்சரவை சொல்லி ஆளுநர் கே.கே. ஷா கூட்டத்தொடரையே முடித்துவைத்தார். தொடர் முடிந்த பிறகு அதற்குள் குறித்த டிசம்பர் 5 என்ற தேதிக்கு உயிர் இல்லை. பிறகு புதுத் தொடரை டிசம்பர் 2க்கு அழைத்தார்கள். மூன்று நாள்தான் வித்தியாசம், ஆனால் நாள் குறித்த கை மாறிவிட்டது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. சபாநாயகரை நீக்கும் தீர்மானத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது 179ஆம் பிரிவு. நவம்பர் 13க்கும் டிசம்பர் 2க்கும் இடையே 19 நாள்.

டிசம்பர் 2 அன்று நடந்தது, நம் சட்டமன்ற வரலாற்றில் அதற்கு முன் நடக்காதது. சபாநாயகரை நீக்கும் தீர்மானம் அவையில் இருக்கும்போது அவர் தலைமை தாங்கக் கூடாது என்பது 181ஆம் பிரிவு. மதியழகன் இருக்கையை விட்டு எழவில்லை. துணை சபாநாயகர் பெ. சீனிவாசன் தனி நாற்காலியில் அமர்ந்து அவையை நடத்தத் தொடங்கினார். இவர் 1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த அதே சீனிவாசன். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் அவை நடத்தினார்கள். ஒருவர் எம்.ஜி.ஆரைப் பேச அழைத்தார். மற்றவர் நீக்கத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டார். கூச்சலும் குழப்பமுமாகப் போய், பெரும்பான்மை பலத்தில் தீர்மானம் நிறைவேறியது. மதியழகனின் பதவி அன்றோடு போயிற்று.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. புதுச்சேரியில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஊரே இதைப் பற்றித்தான் பேசியது. எம்.ஜி.ஆர். பக்கம் நின்றவர்கள் "சபாநாயகரை மிதித்துவிட்டார்கள்" என்றார்கள். கலைஞர் பக்கம் நின்றவர்கள் "நடுவரே பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் என்ன செய்வது?" என்றார்கள். இன்று யோசித்தால் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சபாநாயகர் ஆட்சியின் கைப்பாவையாக இருக்கக் கூடாதுதான். ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த அவையை ஒரு தனி மனிதர் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது.

மதியழகனுக்கு முன்பே இந்த வழியில் இரண்டு பேர் போயிருந்தார்கள். 1967 நவம்பர் 29 அன்று மேற்கு வங்கச் சபாநாயகர் பிஜய் பானர்ஜி, பி.சி. கோஷ் அமைச்சரவையை ஆளுநர் அமர்த்தியதே செல்லாது என்று சொல்லி அவையைத் தேதி குறிக்காமல் ஒத்திவைத்தார். மறுபடி 1968 பிப்ரவரியில் கூடியபோதும் அதையே செய்தார். முடிவில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

அடுத்தது பஞ்சாப். 1968 மார்ச் 7 அன்று சபாநாயகர் ஜோகிந்தர் சிங் மான் அவையை இரண்டு மாதத்துக்கு ஒத்திவைத்தார். மார்ச் 31க்குள் வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்காவிட்டால் ஏப்ரல் முதல் தேதி அரசு கஜானாவிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியாது. சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. ஆளுநர் கூட்டத்தொடரை முடித்துவைத்து, நிதி அலுவல் முடியும்வரை சபாநாயகர் தன்னிச்சையாக ஒத்திவைக்கக் கூடாது என்று ஓர் அவசரச் சட்டமும் போட்டு, அவையை மறுபடி அழைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு ஜூலையில், ஆளுநர் செய்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1972இல் நம் அரசு எடுத்த வழி அந்தத் தீர்ப்பு போட்டுக் கொடுத்த பாதைதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாள் குறிக்கும் உரிமை ஆளுநர் கைக்குத் தனியாகப் போனால் என்ன ஆகும்? அருணாசலப் பிரதேசத்தில் 2016 ஜனவரி 14க்குக் குறித்திருந்த தொடரை, அமைச்சரவையைக் கேட்காமலேயே ஆளுநர் ராஜ்கோவா 2015 டிசம்பர் 16க்கு இழுத்தார். சட்டமன்றக் கட்டடம் பூட்டிக் கிடக்க, ஒரு சமுதாயக் கூடத்தில் கூட்டம் நடந்தது. 2016 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லாது என்று தள்ளியது. அமைச்சரவை சொல்லாமல் ஆளுநர் தானாக அவையை அழைக்கவோ முடிக்கவோ நாளை மாற்றவோ முடியாது என்பது அதன் சாரம்.

மீண்டும் பஞ்சாப். 2023 மார்ச் 22 அன்று அவை தேதி குறிக்காமல் ஒத்திவைக்கப்பட்டது; தொடர் முடித்துவைக்கப்படவில்லை. ஜூனில் சபாநாயகர் திரும்பக் கூட்டி மசோதாக்களை நிறைவேற்றினார். முன்பு நம் மாநிலத்தில் ஆளுநராக இருந்த பன்வாரிலால் புரோகித்தான் அப்போது அங்கே ஆளுநர். அந்தக் கூட்டமே சட்டப்படி இல்லை என்றார் அவர். நவம்பர் 10 அன்று, சபாநாயகர் கூட்டியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணையின்போது நீதிபதிகள் அரசையும் விடவில்லை. மார்ச்சில் ஒத்திவைத்த தொடரை முடிக்காமல் இழுத்துக்கொண்டே போவதுதான் அரசியல் சட்டத்தின் ஏற்பாடா என்று கேட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்த எட்டாம் நாள், நவம்பர் 18 அன்று, நம் பேரவையும் அதே வழியில் கூடியது. ஆளுநர் ரவி திருப்பி அனுப்பிய 10 மசோதாக்களைச் சபாநாயகர் அப்பாவு கூட்டிய சிறப்பு அமர்வில் மறுபடி நிறைவேற்றினார்கள். இப்போது பாருங்கள்: தேதி குறிக்காத ஒத்திவைப்பு என்பது அரசுக்கு வசதியாகத் திறந்து வைத்த கதவாகவும் இருக்கிறது. வேண்டும்போது இரண்டு நாள் அவகாசத்தில் கூட்டலாம். வேண்டாதபோது சும்மா இருக்கலாம்.

சில மணி நேர ஒத்திவைப்புகூட லேசுப்பட்டதில்லை. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரிய நாளில், ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்க, சபாநாயகர் தனபால் மறுக்க, அவை மதியம் ஒரு மணிக்கும், பிறகு மூன்று மணிக்கும் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பக் கூடியபோது ஆதரவு 122, எதிர்ப்பு 11. எங்கள் புதுச்சேரியில் 2021 பிப்ரவரி 22 அன்று முதல்வர் நாராயணசாமி பேசிவிட்டு வெளிநடப்பு செய்ய, சபாநாயகர் சிவக்கொழுந்து தீர்மானம் தோற்றதாக அறிவித்து, அவையைத் தேதி குறிக்காமல் ஒத்திவைத்தார். ஓர் ஆட்சியின் கடைசி வாக்கியமே அதுவாகப் போயிற்று.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். நமக்கும் இருக்கிறது. அதற்கு 'ஒத்திவைப்புத் தீர்மானம்' என்ற இன்னொரு சமாசாரத்தைச் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டு நம் ஆட்கள் குழம்புகிறார்கள். "வேலை செய்யத்தானே சார் அனுப்பினோம், எதிர்க்கட்சிக்காரங்களே இன்னாத்துக்கு ஒத்திவைன்னு கேக்குறாங்க?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் தீர்மானம் அவையை மூடச் சொல்வதில்லை. "பட்டியலில் உள்ள மற்ற அலுவலை நிறுத்திவையுங்கள், இந்த அவசரத்தை முதலில் பேசுங்கள்" என்று கேட்பது.

இது இங்கிலாந்திலிருந்து வந்த பழக்கம். அயர்லாந்து உறுப்பினர்கள் எதற்கெடுத்தாலும் ஒத்திவைப்பு கேட்டு அவையை முடக்கியதால், 40 பேர் எழுந்து நின்று ஆதரித்தால்தான் எடுப்போம் என்று 1882இல் லண்டனில் விதி செய்தார்கள். 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்த முறை இந்திய சட்டசபைகளுக்கும் வந்தது. நிபந்தனைகள் பல. விஷயம் குறிப்பாக இருக்க வேண்டும், அண்மையில் நடந்திருக்க வேண்டும், பொது முக்கியத்துவம் உள்ளதாக இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கக் கூடாது, சபாநாயகர் சம்மதிக்க வேண்டும். மக்களவையில் 50 பேர் ஆதரவும் வேண்டும். அரசைக் கண்டிக்கும் வாடை இதில் இருப்பதால், அமைச்சரவை பதில் சொல்லக் கடமைப்படாத மாநிலங்களவையில் இந்த ஏற்பாடே இல்லை.

இவ்வளவு நிபந்தனைக்கும் முன்னால் சொல்லாமலே இருக்கும் நிபந்தனை ஒன்று உண்டு. அவை கூடியிருக்க வேண்டும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் வந்து நம் கழிமுகத்தில் படிந்தது. படகும் வலையும் கறுத்தன. பிள்ளைகள் வாளியையும் முறத்தையும் வைத்துக்கொண்டு எண்ணெயை அள்ளினார்கள். இறாலையும் நண்டையும் வாங்க ஆள் இல்லை. அது ஓய்வதற்குள் டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் ஓடினார்கள். குறிப்பானது, அண்மையானது, அவசரமானது, பொதுவானது. விதிப் புத்தகம் கேட்கும் எல்லாம் இருந்தன. ஆனால் பேரவை நவம்பர் 18 அன்று 10 மசோதாக்களுக்காகக் கூடிக் கலைந்திருந்தது. மறுபடி கூடியது 2024 பிப்ரவரி 12 அன்று, ஆளுநர் உரைக்காக. நிவாரணம் அறிவித்தார்கள், பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுத்தது, அதிகாரிகள் வந்தார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்ப் பெயரை அந்த வாரமே அவையில் உரக்கச் சொல்லி, ஓர் அமைச்சரை எழுந்து பதில் சொல்ல வைக்கும் வாய்ப்பு அந்த இரண்டு மாதமும் யாருக்கும் இல்லை. ஆளும் கட்சி உறுப்பினருக்கும் இல்லை, எதிர்க்கட்சிக்கும் இல்லை.

ஆளுநர் மசோதாக்களைத் திருப்பியது நவம்பர் 13. ஐந்தே நாளில் அவை கூடியது. கூட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. எண்ணெய்க்கும் அப்படிக் கூடியிருக்கலாம்.

பிரான்சில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். 1995இல் திருத்திய அரசியல் சட்டப்படி, அக்டோபரின் முதல் வேலை நாளில் தொடங்கி ஜூன் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நாடாளுமன்றத்துக்கு ஒரே சாதாரணக் கூட்டத்தொடர். அதற்குள் அதிகபட்சம் 120 நாள் அமர்வு. தொடங்கும் நாளைப் பிரதமரும் குறிப்பதில்லை, அவைத் தலைவரும் குறிப்பதில்லை. சட்டமே குறித்துவிட்டது. அங்கேயும் சண்டைக்குக் குறைவில்லை. ஆனால் "எப்போது கூடும்?" என்ற கேள்வி மட்டும் அங்கே எழாது. நம் சட்டத்தில் குறித்திருப்பது ஆறு மாதம் என்ற ஒரே ஒரு வெளிக்கெடு. ஆறு மாதத்தில் ஒரு முகத்துவாரமே தூர்ந்துபோகலாம் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

நம் ஊர்க் கூட்டத்தைப் பாருங்கள். எவ்வளவு வாய்ச்சண்டை வந்தாலும், அடுத்த கூட்டம் என்றைக்கு என்று சொல்லாமல் பெரியவர்கள் துண்டை உதறி எழ மாட்டார்கள். சொல்லாமல் எழுந்தால் பெண்களே விட மாட்டார்கள். பேரவைக்கும் ஆண்டுக்கு இத்தனை மாதம், இன்ன தேதியில் தொடக்கம் என்று நாள்காட்டி போட்டு முன்கூட்டியே வெளியிடலாம். அதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஆளும் கட்சி எதுவானாலும் மனம் வைத்தால் போதும்.

1972 டிசம்பர் 2 அன்று கோட்டையில் பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்களோ, அங்கே பணியில் இருந்தவர்களோ நம் எண்ணூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் யாராவது இருக்கக்கூடும். இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து கேட்டு எழுதி வைக்கிறேன். வயது ஏறிக்கொண்டே போகிறது, இதை மட்டும் தேதி குறிக்காமல் தள்ள வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையே வரத் தயார்.